மைக் பாய் கூட்டிய முகாம்

கிதர் முகம்மது என்று கேட்டால் திண்டுக்கல் நாகல் நகரில் யாருக்கும் தெரியாது. மைக் பாய் என்று கேட்டால் ஆட்டோக்காரர்கள் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். தன் ஆட்டோவின் தலையில் கொம்பு ஸ்பீக்கர் இரண்டைக் கட்டிக்கொண்டு, திண்டுக்கல்லிலும் சுற்றுப்பட்டிகளிலும் அறிவிப்பு செய்வது அவர் தொழில். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கோயில் திருவிழா, தர்கா சந்தனக்கூடு, இழவு எல்லாவற்றுக்கும் அவர் குரல்தான்.

எதையும் உள்ளபடி சொல்லி நிறுத்த அவருக்கு வராது. காணாமல்போன வெள்ளாடு ஒன்றைப் பற்றி அவர் உருகி உருகி அறிவித்ததைக் கேட்டு, திருடியவனே மனம் பொறுக்காமல் ஆட்டைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போயிருக்கிறான். ஒரு மளிகைக்கடைக்காரர் இறந்ததை அவர் அறிவித்தபோது, அந்த வழியாகப் பஸ்ஸில் போன யாரோ ஒருவர் இறங்கி, மாலை வாங்கிப் போட்டு, அழுது முடித்து, அதற்குப் பிறகுதான் இறந்தவர் யார் என்று விசாரித்தார்.

இத்தனை பெரிய குரல் படைத்த மனிதருக்கு ஊசி என்றால் ஆகாது. மகள் பிறந்த சமயம், மனைவி ஷரீஃபாவுக்கு ரத்தம் தேவைப்படலாம் என்று சொல்லி, இவருடையது என்ன வகை என்று பார்க்க நர்ஸ் ஊசியோடு கையைப் பிடித்தார். அவ்வளவுதான் பாய்க்குத் தெரியும். கண் விழித்தபோது கட்டிலில் கிடந்தார். பிள்ளை பெற்ற ஷரீஃபா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பிறகு ஆஸ்பத்திரி வாசலைக் கடக்கும்போதுகூட ஆட்டோவை விரட்டிக்கொண்டு போய்விடுவார்.

மதுரை ரோட்டில், சின்னாளப்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே திரும்பினால் அழகர்குளம் பேரூராட்சி. அங்கே புதிதாகத் தலைவராகியிருந்தவர் அங்கம்மாள். தறிக்காரக் குடும்பம். பதவிக்கு வந்தவுடன் சமுதாயக்கூடத்தில் ஒரு மருத்துவ முகாம் ஏற்பாடு செய்தார். டாக்டர் வந்தார், நர்ஸ் வந்தார், மேசை நாற்காலியெல்லாம் வந்தன. ஜனம் மட்டும் வரவில்லை. வந்த ஒரே ஆளும் ரேஷன் கடை திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். டாக்டர் டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அடுத்த முகாமுக்கு முன்னால் அங்கம்மாள் நேரே நாகல் நகருக்கு வந்துவிட்டார். அவரைப் பார்த்ததும் பாய் பின்வாசல் பக்கம் நழுவப் பார்த்தார். காரணம் இருந்தது. பேரூராட்சித் தேர்தலில் அங்கம்மாளை எதிர்த்து நின்றவருக்குத் தெருத்தெருவாகப் பிரசாரம் செய்தவர் இவர்தான்.

"தலைவரம்மா, அது தொழிலு. மனசுல வச்சுக்கிறாதீங்க" என்றார்.

"வச்சுக்கிட்டுத்தான் வந்திருக்கேன் பாய். உங்க பேச்சக் கேட்டு எங்க அண்ணனே எனக்கு ஓட்டுப் போடல. என்னத் தோக்கடிக்கப் பாத்த வாயி, இப்ப ஊருக்கு ஒழைக்கட்டும். ஆளு வரணும். ஜவுளிக்கடைக்கு வார மாதிரி வரணும்."

மறுநாள் பேரூராட்சி அலுவலகத்தில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். 'தொற்றா நோய்கள் கண்டறியும் சிறப்பு மருத்துவ முகாம் நடைபெறவுள்ளதால் பொதுமக்கள் தவறாது கலந்துகொண்டு பயனடையுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்றிருந்தது. பாய் அதை அப்படியே வாசித்தபடி முதல் தெருவைச் சுற்றினார். ஒரு நாய்கூடத் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. இரண்டாவது தெரு முனையில் ஆட்டோவை நிறுத்தி, தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"தாய்மார்களே! உங்க வீட்டுக்காரரு சிரிச்ச மொகமா இருக்காரேன்னு நம்பாதீங்க! சிரிப்பு வெளிய இருக்கும், சுகர் உள்ள இருக்கும்! மருமகள்களே! மாமியாருக்குச் சுருக்குனு கோவம் வருதா? அது கொணமா, பிரஷரா? கூட்டிட்டு வந்து பாத்துருங்க, சந்தேகம் தீந்துரும்! மாமியார்களே! மருமக சொல்றது காதுல விழுகலியா? நெசமாவே விழுகலியா?"

ஜன்னல்கள் திறந்தன. தறிச் சத்தம் நின்றது. பாய்க்கு உற்சாகம் தலைக்கேறியது. அந்த உற்சாகத்தில்தான் அது நடந்தது. அதே வாரம் ஒரு சேலைக்கடைக்காகச் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிப்போயிருந்த வரி தானாக வந்து விழுந்தது.

"வருகை தரும் அனைவருக்கும் நிச்சயப் பரிசு உண்டு!"

என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைக்கவில்லை. அடுத்த தெருவிலும் சொன்னார். அதற்கடுத்த தெருவிலும்.

முகாம் அன்று காலை அங்கம்மாள் சமுதாயக்கூடத்துக்கு வந்தபோது, வரிசை வாசலைத் தாண்டி, பால் சொசைட்டியைத் தாண்டி, பஸ் ஸ்டாப் வரை போயிருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. முன்வரிசையில் இருந்த கருப்பம்மாள் என்ற பெரியம்மா அவர் கையைப் பிடித்து, "ஏம்மா, பரிசு எவர்சில்வர் கொடமா, இல்ல பிளாஸ்டிக்கா?" என்று கேட்டதும் கலங்கிய கண் காய்ந்துவிட்டது.

"பாய்! இங்க வாங்க!"

பாய் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்தார். "பழக்க தோசம் தலைவரம்மா. நாக்கு வழுக்கிருச்சு."

"இம்புட்டுப் பேருக்கு நான் என்னத்தக் குடுக்குறது? உங்க ஆட்டோவப் பிரிச்சுக் குடுக்கவா?"

இல்லை என்று சொன்னால் வரிசை அப்படியே கலைந்துவிடும். அங்கம்மாள் செத்த நேரம் யோசித்தார். பேரூராட்சி நாற்றங்காலில் முருங்கைக் கன்றுகள் கேட்பாரற்றுக் கிடப்பது ஞாபகம் வந்தது. குப்பை வண்டியைக் கழுவி அனுப்பி, இருந்ததையெல்லாம் அள்ளிவரச் சொன்னார். டெஸ்ட் முடித்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போகிறவர்களுக்குத்தான் பரிசு, அதுவரை அது என்னவென்று யாரும் மூச்சு விடக் கூடாது என்று கட்டளையிட்டார். பாயை வரிசையின் முன்னால் நிறுத்தி, ஆட்டோ ஸ்பீக்கரோடு இணைத்த மைக்கில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும் வேலையைக் கொடுத்தார்.

முதல் பெயர் கருப்பம்மாள். நர்ஸ் பவித்ரா விரலை நீட்டச் சொன்னதும் அவர் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார்.

"குத்துவியா?"

"எறும்பு கடிச்ச மாதிரிதாம்மா இருக்கும்."

"அப்ப மொதல்ல பாயிக்குக் குத்து. ஊரையே வா வான்னு கூப்பிட்டாருல்ல? அவரு குடுக்கட்டும், நான் குடுக்குறேன்."

வரிசை முழுக்க அது சரியென்று பட்டது. "ஆமா, பாய் மொதல்ல!" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. பாய் நெற்றியைத் துடைத்தார்.

"நான் திண்டுக்கல்காரன்மா. உங்க பேரூராட்சியே கிடையாது. எனக்கு இங்க பாத்தா செல்லாது."

"சுகருக்கு வார்டு கிடையாது பாய். உக்காருங்க" என்றார் பவித்ரா.

"நான் காலையில இட்லி தின்னுட்டேன்."

"தின்னாலும் பாக்கலாம்."

"ஆட்டோவ ரோட்டுல நிறுத்தியிருக்கேன், எடுத்து ஓரமா விட்டுட்டு வாரேன்" என்று திரும்பினார். ஆட்டோவுக்கும் அவருக்கும் நடுவே ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் நின்றார்கள். ஒருத்தியும் நகர்வதாக இல்லை.

பாய் உட்கார்ந்தார். இடது கையை நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வலது கையிலிருந்த மைக்கை அணைக்க வேண்டும் என்ற நினைவு அவருக்கும் இல்லை, மற்றவர்களுக்கும் இல்லை.

"யா அல்லாஹ்!"

கொம்பு ஸ்பீக்கர் இரண்டும் அதை வாங்கி ஊரெல்லாம் எறிந்தன. தென்னந்தோப்பில் காக்கைகள் கிளம்பின. பஸ் ஸ்டாப்பில் இருந்தவர்கள், யாரையோ அடிக்கிறார்கள் என்று ஓடிவந்தார்கள். கருப்பம்மாள் சிரித்த சிரிப்பில், தானாகவே விரலை நீட்டிவிட்டார்.

பாய் மயங்கவில்லை. தான் மயங்கவில்லை என்பதில் அவருக்கே ஒரு பெருமை வந்து, நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்போதுதான் பவித்ரா மிஷினைப் பார்த்துவிட்டு, குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"பாய், முந்நூத்தி நாப்பது இருக்கு. உங்களுக்குச் சுகர் இருக்குன்னு தெரியுமா, தெரியாதா?"

மெதுவாகத்தான் சொன்னார். மைக் பக்கத்தில் இருந்தது.

எண் வரிசையின் கடைசி வரை கேட்டது. ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பது, மத்தியானத்தில் கண்ணை இருட்டுவது, கால் பெருவிரலில் ஆறாமல் கிடக்கும் புண் எல்லாம் ஒவ்வொன்றாகப் பாய்க்கு நினைவுக்கு வந்தன. "மிஷினு தப்பா இருக்கும்" என்றார். அவர் குரலா அது என்று கேட்கிற அளவுக்குச் சின்னக் குரல். டாக்டர் வந்து தோளில் தட்டி, காலைப் பார்த்து, புண்ணுக்குக் கட்டுப் போடச் சொன்னார். "இன்னைக்கு வந்ததுனால கால் தப்பிச்சது பாய்" என்றார்.

அன்றைக்குத் தப்பியது அவர் கால் மட்டுமல்ல. ராமர் என்ற தறிக்காரர் பரிசுக்காகவே வந்தவர். பிரஷர் பார்த்த டாக்டர் அவரை மறுபடி உட்காரச் சொன்னார், மறுபடி பார்த்தார், அப்படியே படுக்க வைத்துவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். "எனக்கு ஒன்னுமே செய்யல, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று ராமர் சொல்லிக்கொண்டே இருந்தார். வண்டியில் ஏற்றியபோது, கேட்டு வாங்கிய முருங்கைக் கன்றை மார்போடு அணைத்திருந்தார். யார் கேட்டும் கொடுக்கவில்லை. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருக்கும் என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

எவர்சில்வர் குடம் இல்லை என்று தெரிந்ததும் சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் அதற்குள் டெஸ்ட் முடிந்திருந்தது.

சாயங்காலம் பாய் வீட்டுக்கு வந்தபோது மேசையில் டீ தயாராக இருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி போட மறந்துட்டியா?" என்றார்.

"மறக்கல" என்றாள் ஷரீஃபா.

அவள் எப்போதும் அளந்துதான் பேசுவாள். அழகர்குளத்தில் வாழ்க்கைப்பட்ட அவள் அத்தை மகள், மைக்கில் கேட்ட எண்ணைப் பத்து நிமிடத்தில் போனில் சொல்லிவிட்டிருந்தாள்.

அதற்குப் பிறகு பாய் பட்ட பாடு ஊருக்கே தெரியும். வெளியூர் போய் ரகசியமாக ஒரு இனிப்பு சாப்பிடலாம் என்றால் முடியவில்லை. காந்திகிராமம் பக்கம் ஒரு டீக்கடையில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, "ஒரு டீ, ஒரு பாதுஷா" என்றார். கடைக்காரர் திரும்பிப் பார்க்காமலே, "மைக் பாயா? பாதுஷா கிடையாது. சீனி இல்லாம டீ தாரேன்" என்றார். மூஞ்சியை மறைக்கலாம், குரலை எதைக் கொண்டு மறைப்பது?

மாத்திரையையும் தட்டிக்கழிக்கப் பார்த்தார். மாதம் ஒரு முறை அழகர்குளம் துணை சுகாதார நிலையத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அவர் போகவில்லை என்றால் அங்கம்மாளிடமிருந்து போன் வரும். "என்ன பாய், எதிர்க்கட்சிக்குப் போயிட்டீங்களா?" வேறு வழியில்லாமல் போவார். அங்கே இருக்கும் பவித்ரா விரலைப் பிடித்தவுடன் கண்ணை மூடிக்கொள்வார். சுகர் மெல்ல இறங்கியது. கால் புண் ஆறியது. ராத்திரித் தூக்கம் வந்தது. எல்லாம் சரியாகி வந்த நேரத்தில் தொண்டை கட்டியது. வருஷக் கணக்காகக் கத்தியதில் உள்ளே வீங்கியிருக்கிறது, ஒரு மாதம் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதே மாதம் அழகர்குளத்தில் வேறொரு முகாம். ஓட்டு வீடு, ஓலை வீடு ஒழுகுகிறவர்கள் அரசாங்கச் செலவில் பழுது பார்க்கவும், புது வீட்டுக்கு எழுதிக் கொடுக்கவும், நடக்க முடியாதவர்களுக்கு அடையாள அட்டை வாங்கவும் எல்லா அதிகாரிகளையும் ஒரே இடத்துக்கு அங்கம்மாள் வரவழைத்திருந்தார். மைக் பாய்க்குப் பேச்சில்லை என்று கேள்விப்பட்டதும் அவருக்குக் கை கால் ஓடவில்லை.

நேரே பாய் வீட்டுக்கு வந்தார். பாய் சைகையில் என்னென்னவோ காட்டினார். ஒருவருக்கும் புரியவில்லை. ஷரீஃபா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு ஆட்டோவின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "நான் சொல்றேன். நீங்க ஓட்டுங்க."

பாய் தயங்கித் தயங்கித்தான் ஆட்டோவைக் கிளப்பினார். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிறவள் மைக்கில் என்ன பேசிவிடப் போகிறாள்? முதல் தெருவுக்குள் நுழைந்ததும் கொம்பு ஸ்பீக்கரில் அவள் குரல், வீட்டில் பேசுகிற அதே குரல், ஏற்ற இறக்கம் இல்லாமல் வந்தது.

"வீடு ஒழுகுதா? குண்டான வச்சுட்டு உக்காந்திருக்காதீங்க. எந்திரிச்சு வாங்க."

கொஞ்ச தூரம் போனதும்:

"நடக்க முடியாதவுகளத் தூக்கிட்டு வர வேணாம். சொல்லி அனுப்புங்க. வண்டி வரும்."

பிறகு, யோசித்து:

"பரிசு கிடையாது."

பாய் கண்ணாடியில் பார்த்தார். ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். ஆட்டோவை நிறுத்தச் சொல்லிக் கேள்வி கேட்டார்கள். ஷரீஃபா மைக்கைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொருவருக்கும் ஒரே வரியில் பதில் சொன்னாள். ஒரு அம்மா, "நெசமாவா தாயி?" என்று கேட்டதற்கு, "பொய்யின்னா நான் ஏன் இந்த வெயில்ல வாரேன்?" என்றாள். அந்த அம்மா உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

முகாமுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து அங்கம்மாள் இன்னொரு நாளும் அதை நடத்தினார். மழைக்கு முன்னால் மேலத்தெருவில் பல கூரைகள் மாறிவிட்டன. கருப்பம்மாள் வீட்டுக்கும் ஓலை போய்த் தளம் வந்தது.

அதற்கெல்லாம் முன்பே, டாக்டர் சொன்ன மாதம் முடிந்து பாய்க்குக் குரல் திரும்பியது. முதல் நாள் காலை ஷேவிங் செய்து, அத்தர் பூசி, மைக்கைத் தட்டிச் சோதித்துக்கொண்டிருந்தபோது நாகல் நகர் பாத்திரக்கடை முதலாளி பவுல்ராஜ் போன் செய்தார்.

"சொல்லுங்க அண்ணாச்சி! எப்ப அறிவிப்பு வச்சுக்கலாம்?" என்றார் பாய், பழைய கம்பீரத்தோடு.

"அது வந்து பாய், கோவிச்சுக்காதீங்க. அக்கா இருக்காங்களா?"

பாய் மைக்கைக் கீழே வைத்தார். அடுப்படிப் பக்கம் திரும்பி, "ஏம்மா, உனக்குத்தான்" என்று நீட்டினார். பிறகு ஆட்டோ சாவியை எடுத்துக்கொண்டு வண்டியைத் துடைக்கப் போனார்.