ஸ்கூட்டரின் பின் சீட்

எங்கள் மகள் நாங்கள் பெற்றவள் அல்ல, பிறந்த மூன்றாம் வாரத்தில் தத்தெடுத்தவள். அது அவளுக்கும் தெரியும். கொட்டச்சேட்டில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து வீட்டுக்குக் காப்பித் தோட்டத்து மண்பாதைதான், காட்டெருமை வரும். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரான என் கணவர் பள்ளி விட்டு வருபவளைத் தினமும் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவருவார்.

அவள் வயதுக்கு வந்ததும் அவராகவே ஏற்காட்டுப் பள்ளிவாசலுக்குப் போய்க் கேட்டார். அங்கே தொழவைக்கும் ஹஜ்ரத் அன்பாகத்தான் சொன்னாராம். வளர்த்தது பெரிய நன்மை. ஆனால் மார்க்கத்தில் அவள் இனி அந்நியப் பெண், தொடக்கூடாது, தனித்திருக்கக்கூடாது. கைக்குழந்தையாக இருந்தபோது அவருடைய தங்கை பால் கொடுத்திருந்தால் மட்டும் அந்தப் பால் உறவில் அவர் அவளுக்குத் தாய்மாமன் ஆவார், தொடலாம்.

அவளைத் தத்தெடுத்த சமயத்தில் என் நாத்தனார் தன் கைக்குழந்தையோடு எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். இப்போது அடிவாரத்தில் இருப்பவரை வரச்சொல்லிக் கேட்டேன்.

"அழுதா மடியில போட்டுக்குவேன் அண்ணி. குடுத்தனான்னு ஞாபகமில்லீங்க. எம் புள்ளைக்கே பத்தல."

"குடுத்தேன்னு சொல்லிடுங்களேன்."

"அல்லா முன்னாடி எப்புடீங்க சொல்றது?"

வேதத்தின் தமிழ் மொழிபெயர்ப்பை முதலிலிருந்து முடிவுவரை படித்தேன். வளர்ப்புப் பிள்ளைகளைப் பெற்றவர் பெயரால் அழைக்கச் சொல்லியிருந்தது. ஒரு பெண்பிள்ளையை ஸ்கூட்டரில் ஏற்றக்கூடாது என்று எங்கும் இல்லை. கணவரிடம் சொன்னேன்.

"நீ படிச்சது தமிழு. அவரு ஏழு வருசம் ஓதுனவரு."

"நமக்குப் புரியறதுக்குத்தானுங்களே எறக்குனது?"

"புரிஞ்சுருச்சுன்னு நாமளா நெனக்கறதுதான் நொம்ப ஆபத்து."

"அப்ப அவ உங்களுக்கு யாருங்க?"

"அதைத்தான் கேக்கப் போனேன்" என்றார்.

அதன்பின் அவர் விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக முன்னால் ஓட்டுவார். அவள் அந்த வெளிச்சத்தில் பின்னால் நடந்து வருவாள். பனி அடர்ந்த ஒரு மாலை நானும் கூட நடந்தேன்.

"அத்தா, காட்டெருமை வந்தா என்னைத் தூக்கிக்கலாமா?" என்று கேட்டாள்.

அவர் வண்டியை நிறுத்தினார். விளையாட்டாகப் பேசுகிற முகம் இல்லை.

"ஹஜ்ரத்தைக் கேட்டுச் சொல்றேன் கண்ணு."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு அவரிடம் எதையும் கேட்கவில்லை. ஜூனில் சேலத்து விடுதிக்குப் போகிறாள். அவளாகத்தான் என்னிடம் கேட்டாள். அவர் மறுக்கவில்லை.