அத்தான் இரண்டு தரம் கட்டிய பாட்டு

எங்கள் வீட்டு விறாந்தையில் வைத்து அத்தான் வயலின் பெட்டியைத் திறந்தபோது அதற்குள் வயலின் இருக்கவில்லை. குழந்தையின் சட்டைகள் நாலைந்து, ஒரு துவாய், பாதி முடிந்த பால்மாப் பேணி, பால் போத்தல், அவ்வளவுதான் இருந்தன. ஐம்பத்தெட்டாம் ஆண்டுக் கலவரத்தில் கொழும்பிலிருந்து அகதிகளை ஏற்றிவந்த கப்பலில் அக்காவும் அத்தானும் எட்டு மாதக் குழந்தையும் காங்கேசன்துறையில் இறங்கி, அரியாலையிலிருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த நாள் அது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஓட வேண்டிய நேரம் வந்தபோது கையில் அகப்பட்ட ஒரே பெட்டி அதுதானாம். வயலினை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு, குழந்தையின் சாமான்களை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார். கட்டிலில் வயலினோடு ஒரு கொப்பியும் கிடந்தது. ஆறு வருடமாக அவர் கட்டிய மெட்டுகளையெல்லாம் ஸ்வரப்படுத்தி எழுதிவைத்திருந்த கொப்பி.

அத்தான் கொழும்பில் அரசாங்க எழுதுவினைஞர். பின்னேரங்களில் வயலின் வாசிப்பார், மெட்டுக் கட்டுவார். ஒரு வீட்டின் பாதியை அவர்களும் மற்றப் பாதியை இளம் பாடகர் ஒருவரும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். நடுவில் பலகைச் சுவர் மட்டும். இந்தப் பக்கத்தில் அத்தான் வாசிக்க அந்தப் பக்கத்திலிருந்து அவர் சேர்ந்து பாடுவாராம். கலவரத்துக்குப் பிறகு அவரும் வேறொரு வழியாகத் தப்பிப் பிழைத்தார் என்று கேள்விப்பட்டோம். அதற்குமேல் தொடர்பில்லை.

ஊரில் அத்தானுக்குக் கச்சேரியில் வேலை கிடைத்தது. அரசாங்கக் கந்தோருக்கும் கச்சேரி என்றே பெயர் இருந்ததால், கச்சேரிக்குப் போறார், கச்சேரி செய்யேல்லை என்று சொந்தக்காரர் பகிடி விட்டார்கள். அவரும் சிரிப்பார். எங்கள் ஐயா எங்கோ விசாரித்து மருமகனுக்கு ஒரு வயலின் வாங்கிக் கொடுத்தார். அதை அவர் இரண்டு வருடம் தொடவில்லை. பழைய மெட்டுகளை நினைவிலிருந்து எழுதலாமே என்று ஒருநாள் கேட்டேன். ஒன்றும் வருகுதில்லை என்றார். கப்பல் ஏறுமுன் அகதி முகாமில் இருந்த மூன்று நாளும் காதுக்குள் கேட்ட கூக்குரலைத் தவிர வேறெதையும் தன்னால் கேட்க முடியவில்லை என்றும், கொப்பியில் இருந்தவை சின்னப்பிள்ளை வேலைகள்தான், இனிச் செய்வதுதான் உண்மையானது என்றும் சொன்னார். நான் நம்பினேன். அவரும் நம்பியிருக்க வேண்டும்.

அறுபத்திரண்டு அளவில் அவர் கடனீரேரிக் கரையிலிருந்த தொண்டைமானாற்றுக்குப் போகத் தொடங்கினார். அங்கே கடற்தொழில் செய்யும் குடும்பமொன்று, வலைகள் போட்டு வைத்திருந்த ஒற்றை அறை வீடொன்றை அவருக்குத் தந்திருந்தது. சனிக்கிழமை காலை பஸ் ஏறினால் திங்கட்கிழமை நேரே கந்தோருக்குத்தான் வருவார். பிறகு லீவு எடுத்துக்கொண்டு கிழமைக்கணக்கில் நின்றார். கடைசியில் வேலையையும் விட்டுவிட்டு அங்கேயே இருந்துவிட்டார். மாதம் ஒரு தரம் வீட்டுக்கு வருவார். ஒரு தையல் மெசினோடு அக்கா வீட்டை நடத்தினாள், என் ஆசிரியர் சம்பளத்திலிருந்தும் கொஞ்சம் போனது. யார் கேட்டாலும் அக்காவிடம் ஒரே பதில்தான் இருந்தது. “அவர் பாட்டுக் கட்டுறார்.” வெளிநாட்டில் படிக்கும் மகனைப் பற்றித் தாய் சொல்வதுபோல அதைச் சொல்வாள்.

ஊர் சும்மா இருக்குமா. அவருக்கு அங்கே ஒரு பெண் இருக்கிறாள் என்று கதை வந்தது. அக்கா அதை நம்பவில்லை. என்றாலும் அறுபத்தொன்பதில் ஒரு சனிக்கிழமை என்னிடம் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டித் தந்து, “சும்மா ஒருக்கால் பாத்திட்டு வா” என்றாள். அங்கே இருந்த பெண், வீட்டுக்கார மனுசிதான், அறுபது வயது. முற்றத்தில் கருவாடு காய வைத்துக்கொண்டிருந்தா. என்னை யாரென்று கேட்டு அறிந்ததும் குரலைத் தணித்து, “பிள்ளை, உவர் வாசிக்கிறதிலும் பாக்கச் சும்மா இருக்கிறதுதான் கூட. சுகமில்லாத ஆளோ எண்டு எங்களுக்குப் பயமாக் கிடக்கு” என்றா. உள்ளே அத்தான் வலைக் குவியலில் சாய்ந்தபடி இருந்தார். வயலின் மடியில் கிடந்தது. வெளியே ஏரிக்காற்று ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவருக்குத் தாடி வளர்ந்திருந்தது. நான் சாப்பாட்டை எடுத்து வைத்தேன். வீட்டில் இருந்துகொண்டு செய்ய முடியாதா என்று கேட்டேன்.

“வீட்டிலை ஆரும் கதவைத் திறந்தாலே அது ஓடிப் போடுது, பிள்ளை,” என்றார். “இஞ்சை கொஞ்சம் கிட்ட வருது. ஒரு அடி வந்திட்டுது. அடுத்த அடிக்குத்தான் இருக்கிறன்.”

அந்த ஒரு அடியை வாசித்துக் காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு வருடமாவது மிஞ்சியிருக்கும். அவருடைய தனிமை ஏதோ கோயில் மூலஸ்தானம் என்பதுபோல எட்ட நின்று கும்பிட்டுவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அவர்களுடைய மகள் பெரியபிள்ளையானபோது அவருக்கு ஆள் அனுப்பினோம். வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். சாமத்தியச் சடங்குக்கு அவர் வரவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு பனையோலைப் பையில் இறாலோடு வந்து நின்றார். நாள் பிசகிவிட்டது என்றார். பொய்யில்லை, அங்கே அவருக்கு நாட்கள் ஒன்றோடொன்று கலந்துதான் போயிருந்தன. மகள் அந்த இறாலைச் சாப்பிடவில்லை. அன்றைக்கு அக்கா முதல்முறையாக, எனக்கு மட்டும் கேட்கும்படி, “பாட்டு முடிஞ்சால் எல்லாம் சரியாகும்” என்றாள். அவள் குரலில் நம்பிக்கை இருக்கவில்லை, பழக்கம்தான் இருந்தது.

எழுபத்தொன்றாம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அத்தான் முகம் மழித்து, வெள்ளை வேட்டி கட்டி, வயலினோடு வந்தார். வாசலிலேயே நின்று, “முடிஞ்சுது” என்றார். அவரை அவ்வளவு சந்தோசமாக நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. அக்கா தையல் மெசினை விட்டு எழுந்து கை கழுவிக்கொண்டு வந்தாள். அம்மா, நான், மகள் எல்லோரும் விறாந்தையில் அமர்ந்தோம். பாட்டுக்கு இன்னும் சொல் போடவில்லை, மெட்டு மட்டும்தான் என்று சொல்லிவிட்டு வாசிக்கத் தொடங்கினார்.

முதல் அடி முடிவதற்குள் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இரண்டாவது அடியில் மகள் மெல்ல முணுமுணுத்தாள். அத்தான் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துச் சிரித்தார். தகப்பனின் மெட்டை ஒரு தரம் கேட்டதுமே பிள்ளை பிடித்துக்கொண்டாள் என்று நினைத்தார் போலும், வில்லை இன்னும் உற்சாகமாக இழுத்தார். சரணத்தில் மேலே ஏறிப் போகும் மெட்டு, உச்சிக்கு ஒரு ஸ்வரம் இருக்கையில், நினைத்துக்கொண்டதுபோலத் திரும்பி இறங்கும். அந்த இடத்தில் மகளுக்கு வாய் திறந்து சொல்லும் வந்துவிட்டது. மழையைப் பற்றிய இரண்டு வரியைச் சத்தமாகப் பாடினாள்.

வில் நின்றது.

“உனக்கு உது எப்பிடித் தெரியும்?” என்று அத்தான் கேட்டார்.

“ரேடியோவிலை ஒவ்வொரு நாளும் போறதுதானே, அப்பா.”

அவர் என்னைப் பார்த்தார். வயலினைத் தோளிலிருந்து எடுக்கவில்லை. “ஆர் இசை எண்டு சொல்லுறவை?” என்று கேட்டார். எனக்குப் பெயர் தெரிந்திருந்தது. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மூன்று வருடமாக அந்தப் பாட்டு யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளிலெல்லாம் போய்க்கொண்டிருந்தது, அந்தப் பெயரும் அதோடு போய்க்கொண்டிருந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னேன். கொழும்பு வீட்டில் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பாடகரின் பெயர்.

அவர் வயலினை இறக்கி மடியில் வைத்தார். பிறகு, “இது இவள் வயித்திலை இருக்கேக்கை கட்டினது” என்று மகளைக் காட்டி மெதுவாகச் சொன்னார். கொப்பியில் இருந்த மெட்டுத்தான். ஒன்பது வருடம் ஏரிக்கரையில் குந்தியிருந்து, அடி அடியாக, புதிதென்று நினைத்து அவர் எடுத்து வந்தது, தான் தொலைத்ததைத்தான். கேட்க ஆளில்லாத இடத்துக்குப் போனவர் வானொலி கேட்கவில்லை. நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. வானொலிக்கு எழுத வேண்டும், பத்திரிகைக்கு எழுத வேண்டும் என்றேன். அந்த மனிதர் கட்டிலில் கிடந்த கொப்பியை எடுத்திருக்கிறார், இது களவு என்றேன். அத்தான் தலையாட்டி மறுத்தார்.

“கொப்பி தேவையில்லை, பிள்ளை. ஒவ்வொரு நாளும் பக்கத்திலை இருந்து கேட்டவர். காதிலை நிண்டிருக்கும். நானே புதுசு எண்டு நினைச்சன். அவரும் அப்பிடி நினைச்சிருக்கலாம்.”

தொண்டைமானாற்றுக்கு அவர் பிறகு போகவில்லை. வலை வீட்டுப் பூட்டின் திறப்பை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு தனியார் கடையில் கணக்கெழுதப் போனார். பின்னேரங்களில் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கி வருவார், தைத்த சட்டைகளுக்குப் பொத்தான் கட்டிக் கொடுப்பார், மகளைச் சைக்கிளில் ரியூசனுக்குக் கூட்டிப் போவார். எல்லாரும் விரும்பிய மனிதராக ஆகிவிட்டார். அக்கா மட்டும் ஒருநாள் அடுப்படியில் வைத்து, “அங்கை இருக்கேக்கை ஒருநாள் வருவார் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். இப்ப ஆரைப் பாக்கிறது” என்றாள். ஏரிக்கரையில் விட்டுவந்தோம் என்று நாங்கள் நினைத்த தனிமை, அவரோடு சேர்ந்து வீட்டுக்குள் குடிவந்திருந்தது. அங்கே அதற்கு ஒரு வேலையாவது இருந்தது.

வேறு ஏதாவது கட்டலாமே என்று ஒரு தரம் கேட்டுப் பார்த்தேன். பொத்தானில் ஊசி ஏற்றியபடியே பதில் சொன்னார். “என்னட்டை இருந்தது ஒண்டுதான் போலை. ரெண்டு தரம் தேடிப் போனன். ரெண்டு தரமும் அதைத்தான் கண்டன்.”

அந்த மெட்டு முதல் தரம் பிறந்த இடத்தை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. பலகைச் சுவர், பக்கத்து வீட்டுப் பாட்டு, மண்ணெண்ணெய் அடுப்பின் இரைச்சல், மசக்கையில் சத்தி எடுக்கும் அக்கா. அத்தனை சத்தத்துக்குள்ளும் அது சில பின்னேரங்களில் பிறந்திருக்கிறது. அமைதியில் அதையே திரும்ப எடுக்க ஒன்பது வருடம் போனது. ஒரு கலைஞனுக்குத் தனிமைதான் வேண்டும் என்று யார் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள் என்று தெரியவில்லை. கையிலிருந்ததையெல்லாம் விற்று அவருக்கு அதைத்தான் வாங்கிக் கொடுத்தோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் படிப்பித்த பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாவில் பிள்ளைகள் அந்தப் பாட்டைப் பாடினார்கள். நிகழ்ச்சிகளை வாசித்து அறிவிப்பது என் வேலை. அத்தான் மகளோடு மூன்றாவது வரிசையில் இருந்தார். பாட்டின் பெயரை வாசித்தேன், இசை அமைத்தவர் பெயர் வந்தது. ஒரு கணம் நின்றேன். பிறகு தாளில் இருந்ததை இருந்தபடி வாசித்தேன். பாட்டு முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள், அத்தானும் தட்டினார். வீட்டுக்குப் போகும் வழியில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். “பிள்ளையள் சரணத்திலை அவசரப்பட்டிட்டினம்.”

அவர் போன வருடம் காலமானார். கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கையில் மேசையில் தலையைச் சாய்த்தவர் எழும்பவில்லை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு, ஒரு மத்தியானம், துணி வெட்டிக்கொண்டே அக்கா என்னிடம் சொன்னாள். அந்தப் பாட்டை முதன்முதல் வானொலியில் கேட்ட அன்றே அவளுக்குத் தெரிந்துவிட்டதாம்.

“வயித்துப் பிள்ளையோடை இருந்து கேட்டதெல்லே. மறக்குமே. இவருக்குச் சொன்னால் மனம் உடைஞ்சு போவார் எண்டு சொல்லேல்லை. அவர் அங்கை வேறை எதோ பெரிசாச் செய்யிறார், இது போனால் போகட்டும் எண்டு நினைச்சன்.”

நான் வெட்டிய துணிகளை மடித்து வைத்தேன். அக்கா, அத்தான், நான், மூன்று பேரும் அவரவர் அன்பினால் வாய் மூடி இருந்தோம், அவ்வளவுதான்.

அந்தப் பாட்டு இப்போதும் கிழமைக்கு ஒரு தரமாவது வானொலியில் வருகிறது. அக்கா மெசினை நிறுத்திவிட்டு, எழுந்து போய்ச் சத்தத்தைக் கூட்டுவாள். அப்படியே பக்கத்தில் நின்று கேட்பாள். கடைசி அடி முடிந்து, அறிவிப்பாளர் மூச்சை இழுத்துக்கொண்டு பெயரைச் சொல்ல வாயெடுப்பதற்குள், அவள் கை வானொலியை நிறுத்திவிடும். ஒரு நாளும் பிந்தியதில்லை.