ஏழாம் புள்ளியில் தண்ணீர்

“…அதைத்தான், காக்கா, சொல்லுறன், நீங்க காய்ஞ்ச இடமெண்டு பதிஞ்சு வச்சிருக்கிற இந்த வயல் வட்டைக்கு இண்டைக்கு விடியத்தான் நான் தண்ணி திறந்தனான்” என்றார் நல்லையா. பழுகாமத்துப் பக்கம் வட்டவிதானை அவர். எந்த வயலுக்கு எப்போது வாய்க்கால் தண்ணீர் என்பது அவர் கையில்.

நான் அண்ணாந்து பார்த்தேன். ரமணன் தம்பி ஏற்கெனவே வானத்தில்.

சுவிசிலிருந்து லீவில் வந்தவர் ரமணன். அவர் பறக்கும் ஹேங் கிளைடரில் இஞ்சின் கிடையாது. இறக்கைக்குக் கீழே மனிதர் தொங்கிக்கொண்டு சூடான காற்றைப் பிடித்து ஊர் ஊராகப் போவார். நான் ஏறாவூர்க்காரன், இந்தப் பக்கம் எல்லாருக்கும் ‘காக்கா’, அதாவது அண்ணன். வளைகுடாவில் ஒரு பறக்கும் கழகத்தில் பதினொரு வருடம் டிரைவர் வேலை. ஜிபிஎஸ் எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை, நோண்டி நோண்டிப் பழகியது. இறங்கத் தோதான வயல்களை நடந்து பார்த்து, ஒவ்வொன்றையும் ஜிபிஎஸ்ஸில் வேபாயிண்டாக, ஒரு எண் போட்ட புள்ளியாக, பதிந்து பைலட்டிடம் கொடுப்பது இங்கே என் வேலை. எந்தத் திசை, எவ்வளவு தூரம், இருக்கும் உயரம் போதுமா என்று கருவி அவருக்குக் காட்டும்.

பெரும்போக அறுவடை முடிந்ததும் இருபத்தொரு புள்ளி பதிந்தேன். வயல்காரர் எல்லாரிடமும் அனுமதி கேட்டேன். தண்ணீர் திறக்கிறவரிடம் மட்டும் கேட்கவில்லை.

ரேடியோ கரகரத்தது. “காக்கா, காத்து ஏத்துதில்ல. ஏழாம் புள்ளிக்கு வாறன்.”

ஏழாம் புள்ளி நான் நின்ற இடம்தான். அறுத்து மிஞ்சிய ஒட்டுத்தாளுக்குள் தேங்கிய தண்ணீர் மேலிருந்து தெரியாது. பைலட் பிடித்திருக்கும் பார் சேற்றில் புதைந்தால் இறக்கை தலைகீழாகக் கவிழும், கழுத்து முறியும்.

“ஏழு வேணாம் தம்பி! தண்ணி நிக்குது!”

“அப்ப எட்டு?”

“அதுவும் இதே வாய்க்கால்தான்!”

“விளையாடாதீங்க காக்கா, உயரம் முடியுது!”

நல்லையா என் தோளைத் தட்டினார். “மாட்டுப்பட்டி மேடு கிடக்கே. நானே நினைச்சாலும் அங்க தண்ணி ஏத்தேலாது.”

“அது என்ர லிஸ்டில இல்லையே. பேரைச் சொன்னா அவருக்கு எப்பிடித் தெரியும்?”

“உங்கட லிஸ்டைக் கொண்டு போய்…” மிச்சத்தை மோட்டார் சைக்கிள் சத்தம் விழுங்கிவிட்டது. வரம்பால் பறந்து போனார். மேட்டின் ஓரத்தில் வைக்கோலை அள்ளிக் குவித்து நெருப்பு வைத்தார். வெள்ளைப் புகை கிளம்பியது.

“தம்பி, புகை தெரியுதா?”

“ஓம், வடக்குப் பக்கமாச் சாயுது.”

“அப்ப காத்துக்கு எதிரா, தெற்க பார்த்து இறங்குங்க!”

ரமணன் வளைந்தார், தாழ்ந்தார், இறக்கையை நிமிர்த்தினார். மூன்று எட்டு வைத்து ஓடி நின்றார்.

இன்றுவரை என் கையால் அனுப்பிய பைலட் ஒருவருக்கும் விரல்கூட முறியவில்லை. நெஞ்சை நிமிர்த்தியே சொல்வேன். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: வேபாயிண்ட் இடத்தைச் சொல்லும், அந்த இடம் இன்றைக்கு எப்படிக் கிடக்கிறது என்று சொல்லாது. அதை மண்வெட்டி பிடிக்கிறவரிடம்தான் கேட்க வேண்டும். இப்போது என் லிஸ்டில் ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் ஒரு விதானையின் பெயர் இருக்கிறது.

அந்த இறக்கத்துக்கு மறுநாள் காலை, நான் கேட்க முன்னமே நல்லையாவே எனக்குப் போன் எடுத்தார். “காக்கா, மூணாம் வாய்க்கால் திறக்கப் போறன். அங்கால என்ன புள்ளி?”

“பதினொண்டும் பன்னிரண்டும்.”

“அழியுங்க.”

“அழிச்சிட்டன்.”

அதன் பிறகுதான் மதகுப் பலகையைத் தூக்கினார். தண்ணீர் பாயும் சத்தம் எனக்குப் போனிலேயே கேட்டது.