என் முறை வரும்போது அணைகிற பெட்டி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் மகள் கம்ப்யூட்டரில் வருவாள். வெளிநாட்டில் இருக்கிறாள். செல்போனில் அவள் முகம் கட்டைவிரல் அகலம்தான் தெரியும். கண்ணில் புரை எடுத்த எனக்கு அது போதாது. கம்ப்யூட்டரில் என்றால் மூக்குத்திக் கல் வரைக்கும் தெரியும்.

முதலில் வீட்டுக்காரர் பேசுவார். திருநகரில் யார் மாடி எடுக்கிறார்கள், எந்தப் பஸ் நிற்காமல் போகிறது, எல்லாம் சொல்லி முடித்து, "இந்தா, ஒங்கம்மாகிட்டப் பேசு" என்று எழுந்திருப்பார். அந்த நேரம் பார்த்துப் பெட்டி மாவு மில் மாதிரி இரைந்து, பட்டென்று அணைந்துவிடும். பல வாரமாக என் முறை வரவேயில்லை. எனக்குப் பேசத்தான் கூச்சம். "சாப்ட்டியா" என்பதற்கு மேல் வார்த்தை வராது. ஆனால் பிள்ளையைப் பார்ப்பதற்கு என்ன கூச்சம்?

மகள் எங்கள் இருவருக்கும் போனில் வழி சொன்னாள். "உள்ள பூராம் தூசிம்மா. சூடு தாங்காம அமந்துபோகுது. ஒயரெல்லாம் பிடுங்கிட்டு வெளிய வச்சுத் தொறங்க. ஈரத்துணி ஆகாது. மெத்துனு காஞ்ச பிரஷ்ஷால தட்டிவிடுங்க. காத்தடிச்சா மெதுவா அடிக்கணும், உள்ள இருக்கிற காத்தாடிய விரலால பிடிச்சுக்கணும். கண்டபடி சுத்துனா கெட்டுப்போகும்."

இதில் வீட்டுக்காரர் காதில் விழுந்தது காற்று ஒன்றுதான்.

"பஞ்சர் கடையில இல்லாத காத்தா?" என்றார்.

பெட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று மஞ்சள்பையில் ஒரு பிரஷ். வீட்டில் மெத்தென்று இருந்தது அது ஒன்றுதான்.

"என்ன மதினி, பச்சப்பிள்ளையாட்டம் மடியில வச்சிருக்கீக" என்றார் பஞ்சர் கடைக்காரர். மூடியைக் கழற்றினால் உள்ளே தலையணை கிழிந்த மாதிரி தூசி. எங்கள் தெருவில் சாக்கடைக்குத் தோண்டியது அம்புட்டும் அங்கேதான் இருந்தது.

"லாரி டயருக்கு அடிக்கிற காத்துண்ணே. தாங்குமா?"

"இரும்புப் பெட்டிதானப்பா. அடி."

அடித்தார். தூசி மொத்தமும் எதிரே நின்ற வீட்டுக்காரர் தலையில் போய் உட்கார்ந்தது.

"அண்ணே, ஒரு நிமிசத்துல எம்புட்டு வயசாயிருச்சு" என்றார் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர்.

காற்றுக் குழாய் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அந்த ஈரத்தோடேயே குழாய் காத்தாடிப் பக்கம் போனது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அத்தனை ஆம்பளைகள் முன்னால் சத்தம் வரவில்லை. காத்தாடிக்குள் விரலை விட்டுவிட்டேன்.

"மதினி, கைய எடுங்க."

"ஏய், என்ன பண்ற?"

பையிலிருந்து பிரஷ்ஷை எடுத்து நீட்டினேன். கடைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்தார். பிறகு வீட்டுக்காரர் தலையைப் பார்த்தார். எங்கள் வம்சத்தில் எண்பது வயது வரை நரைக்காது என்று அந்தக் கடையில் உட்கார்ந்து எத்தனையோ தடவை சொன்னவர் அவர்.

"டை அடிக்கிறதுல்ல இது" என்றார் டீ குடித்தவர். "மை படல. இந்த மாசத்துக்கு வாங்குனது போல."

வீட்டுக்காரர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி ரோட்டையே பார்த்தார்.

"நல்ல பிரஷ்ஷுண்ணே. எங்க வீட்லயும் இதான்" என்று கடைக்காரர் குழாயைக் கொக்கியில் மாட்டிவிட்டார். நான் நிழலில் குத்தவைத்து, காத்தாடியைப் பிடித்துக்கொண்டு, இண்டு இடுக்கெல்லாம் தட்டினேன். வீட்டுக்காரர் அந்த பிரஷ்ஷை அப்புறம் தொடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் பேசினார், பேசினார், சொல்ல ஒன்றும் இல்லாமல் போகும்வரை பேசினார். பெட்டி மூச்சுக் காட்டவில்லை.

"இந்தா, பேசு."

உட்கார்ந்தேன். மூக்குத்தி தெரிந்தது. "சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்மா. என்ன, அப்பாவுக்குக் காதோரம் வெளுத்திருக்கு?"

அவ்வளவுதான். மடியில் பெட்டியை வைத்ததிலிருந்து டீ குடித்தவர் சொன்னது வரைக்கும் சொல்ல ஆரம்பித்தேன். எனக்கு இம்புட்டுப் பேச்சு எங்கே இருந்ததோ. மகள் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது. "போதும், மிசினு சூடாகப்போகுது."

பெட்டி மேல் கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. மேற்கொண்டு சொன்னேன்.