ஊறாத கிழங்கு

மத்துமோனா ஓடைக்கு வந்து சேர்வதற்குள் ஊறப்போட்ட கிழங்கில் பாதியை லுங்கேனி கூடையில் அள்ளிப் போட்டிருந்தாள்.

வீட்டிலிருந்து ஓடைக்குச் செங்குத்தான இறக்கம். மற்றப் பெண்கள் தலையில் கூடையோடு பேசிக்கொண்டே இறங்குகிற பாதையில் மத்துமோனா உட்கார்ந்து உட்கார்ந்துதான் நகர வேண்டும். நின்றால் இரண்டு முழங்கால்களும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே விழும். குதிகால் தரையில் படாது. அதனால் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட நாள் முதலாக மரவள்ளிக் கிழங்கை உரிப்பதும், மாவு சலிப்பதும், களி கிண்டுவதும் அவள் வேலை. ஊறப்போடுவதும் இடிப்பதும் நாத்தனார் லுங்கேனியின் வேலை. புருஷன் செத்தபின் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள் லுங்கேனி.

ஓடையின் சேற்றோரத்தில் கிழங்கை ஊறப்போட ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு குழி உண்டு. இது லுங்கேனியின் குழி. ஒருத்தியின் குழியில் இன்னொருத்தி விரலை வைத்தாலும் ஊர் கூடிவிடும்.

"நேத்து உரிச்சுக் குடுத்ததை இன்னிக்கே எடுக்கிறியே, உனக்கென்ன பைத்தியமா?" என்றாள் மத்துமோனா.

"என்னை ஏன் கேக்கிறே அண்ணி? உன் புருஷனைக் கேளு. ஊறிக் கூரையில காஞ்ச கிழங்கையெல்லாம் மூட்டை கட்டி லாரிக்காரனுக்குத் தூக்கிக் குடுத்துட்டாரு. ராத்திரிக்குக் காத்தையா கிண்டுவே?"

மத்துமோனா கூடையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து ஒடித்தாள். தேங்காய்ச் சில்லுப் போலச் சட்டென்று முறிந்தது. மூன்று இரவு ஊறிய கிழங்கு அப்படி முறியாது. விரல் பட்டால் குழையும், நாறும். இதுவோ வெள்ளை வெளேரென்று இருந்தது. நுனி நாக்கில் வைத்தாள். கசப்பு. அந்தக் கசப்பில்தான் நஞ்சு இருக்கிறது. அது தண்ணீரோடுதான் போகும், மெதுவாகத்தான் போகும். மீனும் பயறும் தின்கிற மாதங்களில் மிச்சம் மீதியை உடம்பு எப்படியோ வெளியே தள்ளிவிடும். இப்போது மழை நின்று வெகுநாளாகிறது. பயறு தீர்ந்துவிட்டது. பிடித்து வறுத்துத் தின்ன மரத்தில் புழுவும் இல்லை.

அவளுடைய பத்து வயதிலும் இதே மாதிரி ஒரு வறண்ட காலம். அம்மா அவசரப்பட்டுக் கிழங்கை எடுத்தாள், இடித்தாள், களி கிண்டிப் போட்டாள். ஒரு நாள் காலையில் மத்துமோனா பாயை விட்டு எழுந்தபோது இரண்டு கால்களும் மரக்கட்டையாக விறைத்திருந்தன. கொன்சோ, கால்கட்டு என்றது ஊர். கட்டியது யார் என்று தேடி, அப்பாவோடு பிறந்த அத்தையைப் பிடித்தார்கள். அவளும் புருஷனை இழந்து அண்ணன் வீட்டில் கிடந்தவள். சூனியக்காரி என்று குடிசையைக் கொளுத்தி, கல்லெறிந்து துரத்தினார்கள். அந்த நேரம் முழுவதும் அம்மா தலையை நிமிர்த்தாமல் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். கிழங்குதான் காரணம் என்று அம்மாவுக்குத் தெரியும். செத்த பிறகும் அவளை மத்துமோனா மன்னிக்கவில்லை.

"திரும்பக் கொட்டு," என்றாள்.

"கொட்டிட்டு? புள்ள பசிக்குதுன்னு அழுதா நீ ஆடிக் காட்டுவியா?"

மத்துமோனா சேற்றில் சறுக்கி, குழிக்குள் இறங்கி, மீதிக் கிழங்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கூடையின் விளிம்பையும் எட்டிப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் மார்பு வரைக்கும் இருந்தது.

பக்கத்துக் குழிக்காரி கஃபூத்தி வாயில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "அடி பாவி! அடுத்தவ குழியில உக்காந்தா உன் வயித்துல இனிமே ஒண்ணும் நிக்காதுடி!"

"நின்ன ஒண்ணு போதும். அது கால் ஊனி நடக்கட்டும்."

சேதி மேட்டுக்குப் போய், மத்துமோனாவின் புருஷன் புவாத்தி மூச்சிரைக்க இறங்கி வந்தான்.

"எந்திரி. என் மானத்தை வாங்காதே. ஒரு வேளை தின்னா செத்தா போயிடுவோம்?"

"சாக மாட்டோம். செத்தாலாவது அழுது புதைச்சுட்டுப் போயிடுவீங்க. ஒரு வேளைன்னு சொல்றியே, போன தடவை லாரி வந்தப்பவும் இதே கதைதானே? நம்ம மக நசோனா தலை சுத்துதுன்னு விழுந்து வாந்தி எடுத்தாளே, நீதானே தூக்கினே?"

"வெயில்ல சுத்தினா அப்படித்தான். உன் கால் சூனியத்துல போச்சு. கிழங்கைப் போய்ப் பழி சொல்லாதே."

"சரி. சூனியம்னே வச்சுக்க." மத்துமோனாவின் குரல் கிறீச்சிட்டது. "நாளைக்கு உன் மக எந்திரிக்காமக் கிடந்தா யாரைக் கல்லால அடிப்பீங்க? என்னையா? நொண்டிக்கு அந்தச் சக்தி ஏதுன்னு விட்டுருவீங்க. இதோ நிக்கிறாளே, புருஷனைத் தின்னவ, அண்ணன் சோத்துல இருக்கிறவ, கிழங்கை எடுத்துக் குடுத்தவ. இவளைத்தானே?"

கஃபூத்தி லுங்கேனியைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவசரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

லுங்கேனி அதைக் கவனித்தாள். தலையில் தூக்குவதற்காகப் பிடித்திருந்த கூடையை அப்படியே கவிழ்த்தாள். கிழங்குகள் மத்துமோனாவின் மடியிலும் தோளிலும் விழுந்தன.

"அண்ணா, போய் ஒரு மூட்டையை இறக்கிட்டு வா."

"விலை பேசி ஏத்தின மூட்டையை எப்படி இறக்கறது? லாரிக்காரன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். என் மேல கல்லு விழறதுக்கு அவன் சிரிக்கிறது பரவாயில்லை."

புவாத்தி போனான். லாரிக்காரன் சிரித்தான், பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்று சாலை முழுக்கக் கேட்கும்படி சொன்னான். மூட்டையைத் தோளில் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டு, புவாத்தி அன்றைக்கெல்லாம் மத்துமோனாவோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை. நன்றி சொல்ல அதில் என்ன இருக்கிறது?

லுங்கேனி இடித்துக் கொடுத்ததைச் சலித்து, சாயங்காலம் மத்துமோனா களி கிண்டினாள். மரவள்ளிக் கீரையைத் தவிரத் தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. நசோனா இரண்டு உருண்டை தின்றுவிட்டு விளையாட ஓடினாள். ஓடுகிற அந்தக் கால்களைப் பார்த்தும் மத்துமோனாவின் நெஞ்சு ஆறவில்லை.

அப்போது கஃபூத்தியின் முற்றத்தில் உலக்கைச் சத்தம் கேட்டது. நன்றாக ஊறிக் காய்ந்த கிழங்கு உரலில் பொத்துப் பொத்தென்று பொடிந்துவிடும். இது டக்கு டக்கென்று துள்ளியது. கஃபூத்தி வீட்டிலும் காய்ந்ததெல்லாம் லாரிக்குப் போய்க் கூரை காலியாகித்தான் இருந்தது. அவள் வீட்டில் மூன்று பிள்ளைகள்.

"அண்ணி, உக்காரு," என்றாள் லுங்கேனி. "அவ வீட்டு விஷயம் நமக்கெதுக்கு? காலையில பட்டது போதாதா?"

"எங்க அத்தை குடிசை எரிஞ்சப்பவும் எல்லாரும் இதைத்தாண்டி சொன்னாங்க."

மத்துமோனா தூணைப் பிடித்து எழுந்தாள். முழங்கால்கள் உரச, பெருவிரல்கள் மண்ணைக் கீற, கஃபூத்தியின் உரலை நோக்கி நடந்தாள்.