நட்சத்திரத்தை அளக்கப் போய் வரப்பில் மாட்டியது

இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்ட பயணம் ஒருவழியாகப் போன மாசியில் நடந்தது. வீட்டிலேயே செய்த கருவியால் சிரியஸ் நட்சத்திரத்தின் அகலத்தை அளந்துவிட வேண்டும் என்று எனக்கும் நண்பர் இளங்கோவுக்கும் பைத்தியம். தள்ளித் தள்ளி வைத்த இரண்டு தொலைநோக்கிகளில் விழும் ஒளி எவ்வளவு ஒத்துத் துடிக்கிறது என்று பார்க்க வேண்டும். இடைவெளி கூடக்கூட ஒற்றுமை குறையும். குறைகிற விதத்தில் அகலம் தெரியும். சென்னையில் கிடக்கும் கொண்டைக்கடலையை வலங்கைமானிலிருந்து பார்த்தால் எவ்வளவோ, அவ்வளவுதான் சிரியஸ்.

தஞ்சாவூரில் காலை 10.30க்குக் கிளம்பினோம். வாடகைக் கார் 2,400 ரூபாய். சாலை வேலை நடந்ததால் வலங்கைமான் பக்கம் வயலுக்குப் போய்ச் சேர மணி 2.15. இடுப்பே கழன்றுவிட்டது. கும்பகோணத்தில் இருக்கும் நிலக்காரரிடம் போனிலேயே அனுமதி வாங்கியிருந்தோம். வரப்பில் மூன்று மீட்டருக்கு ஒன்றாக நான்கு குச்சி அடித்துவிட்டு டீ குடிக்கப் போனோம்.

திரும்பி வந்தால் குச்சிகள் ஒரு அம்மாவின் கையில்.

"யாரு அனுப்புனது உங்கள?"

"நிலக்காரர்கிட்ட கேட்டுட்டுத்தான் வந்தோம்க்கா" என்றார் இளங்கோ, பெருமையாக. அதைத்தான் சொல்லியிருக்கக் கூடாது.

அவர் பாக்கியம். பதினெட்டு வருடமாக அந்த நிலத்தைக் குத்தகைக்குப் பார்க்கிறவர். நிலக்காரர் விற்கப்போவதாக ஊரில் பேச்சு.

"உளுந்து இப்பத்தான் பூ வச்சிருக்கு. அதுக்குள்ள அளக்க வந்துட்டீங்களா?" குரல் உடைந்துவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது.

டிரைவர் செல்வராஜ்தான் காப்பாற்றினார். "அக்கா, இவங்க கிறுக்குங்கதான், ஆனா நெலத்துக்கு வரல. வானத்துக்கு வந்திருக்காங்க."

நம்பினாரோ இல்லையோ, குச்சியைத் தரவில்லை. நடவுக் கயிற்றைக் கொண்டுவந்து போட்டார். கால் மீட்டருக்கு ஒரு முடிச்சு. இந்த முறையில் தூரம் ஓரிரு சென்டிமீட்டர் பிசகினால் குடி முழுகாது, அதுவே போதும். ஏழு மணியிலிருந்து ஒன்பது வரை பக்கத்திலேயே உட்கார்ந்து எங்களைக் கண்காணித்தார்.

ஒன்பதுக்குப் பனி கண்ணாடியை மூடிவிட்டது. கணினியில் வெறும் கிறுக்கல்தான். இதற்கு இன்னும் பல இரவுகள் வேண்டும். அலுத்துப்போய்க் கயிற்றைச் சுருட்டினேன்.

"எவ்ளோ அகலம்னு தெரிஞ்சிச்சா?"

"இல்லக்கா."

"போவட்டும் விடுங்க. அளந்துட்டா யாராச்சும் விக்க வந்துருவாங்க."

போகிறவர்களுக்கு: லென்ஸ் துடைக்கத் துணி, கொசுவத்தி அவசியம். அனுமதியை வயலில் நிற்கிறவரிடம் கேளுங்கள். குச்சி மட்டும் அடிக்காதீர்கள்.