லச்சுமி போட்ட முட்டை

கோயில்பட்டியில பறவை மனசு தெரிஞ்ச ஆளு நான் ஒருத்தன்தான். இது பச்சைப் பொய்யி. எங்க வீட்டுக்காரி மனசே எனக்கு இன்னும் பிடிபடல. ஆறாப்பு தாண்டாதவன். தீப்பெட்டி ஆபீஸ்ல மூட்டை தூக்கி முதுகு போன பொறவு இந்தப் பறவைக் கடையப் போட்டு உக்காந்தேன். என் ரெண்டு கையிலயும் கொத்து வாங்காத எடம் கிடையாது. அதுதான் என் சர்ட்டிபிகேட்டு.

புதுசா கடை போட வார பயலுவளுக்கு ஒண்ணு சொல்லுதேன். பறவைக்குக் கிறுக்குப் பிடிக்கது கம்மி. வளக்குத ஆளுக்குத்தான் பிடிக்கும். அந்தக் கோவத்துலதான் இத எழுதுதேன்.

ராமசுப்பு அண்ணாச்சின்னு ஒருத்தரு. வீட்டுல வச்சே தீப்பெட்டி பண்டல் கட்டுத வேலை. என்கிட்ட ஒத்தையா ஒரு ஆப்பிரிக்கன் லவ்பேர்ட்ஸ் வாங்கிட்டுப் போனாரு. பச்சை உடம்பு, ரோஸ் மூஞ்சி. பொட்டை. லச்சுமின்னு பேரு வச்சு, தோள்லயே போட்டுக்கிட்டுத் திரிஞ்சாரு. ஒரு நா காலையில வெறுங்கையோட வந்து நின்னாரு.

"ஏலே மாரியப்பா, லச்சுமி மூக்கு நுனிய மட்டும் கொஞ்சம் வெட்டி விடணும்லே."

"எதுக்கு அண்ணாச்சி?"

"எங்க வீட்டுக்காரி காதப் பிடிச்சுக் கடிச்சிட்டு. ஒரே ரத்தம். ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்னு நிக்கா. தொறந்து விட்டுருவேங்கா."

தொறந்து விட்டா மத்தியானத்துக்குள்ள காக்கா கிழிச்சிரும். மூக்க வெட்டுனா பட்டினியில சாவும்.

"உம்ம பல்லப் புடுங்கிட்டு முறுக்கு தாரேன், திம்பீரா? வாரும், வீட்டுல வந்து பாக்கேன்"னு வண்டிய எடுத்தேன்.

அங்கன போயிப் பாத்தா, லச்சுமி லேபிள் காயிதத்த நீட்டுநீட்டாக் கடிச்சுக் கிழிச்சு, வால் பக்கத்து இறகுக்குள்ள செருகிக்கிட்டு இருக்கு. "சேலை கட்டுது பாருலே"ன்னு அண்ணாச்சிக்குப் பெருமை. அது கூடு கட்டச் சாமான் சுமக்குது. கூண்டுக்குள்ள பண்டல் அடுக்குத அட்டைப்பெட்டி ஒண்ணு, ஓட்டை போட்டு வச்சிருக்கு. உள்ள கும்மிருட்டு. பக்கத்துல ஊறவச்ச பாசிப்பயறு. பொழுது அடைஞ்சும் டியூப்லைட் அணைக்கதில்ல, வேலை நடக்குதுல்லா. பறவைக்கு வெளிச்சம் நீண்டு, தீனி கூடி, ஒளிய இருட்டும் கிடைச்சா முட்டை போடுத காலம் வந்துட்டுன்னு உடம்பு நினைச்சுக்கிடும். இந்த வீட்டுல அதுக்கு வருசம் பூரா அந்தக் காலம்தான்.

அண்ணாச்சி அதத் தோள்ல எடுத்து வச்சு, தலையிலேருந்து வால் வரைக்கும் தடவுனாரு. அது அப்படியே தாழ்ந்து, இறக்கைய விரிச்சு நடுங்குது.

"எனக்கு வணக்கம் சொல்லுது"ன்னாரு.

"வணக்கமில்ல அண்ணாச்சி. பொட்டை முதுகுல ஏறுத உரிமை சோடிக்குத்தான். தலையத் தடவுனா சிநேகம். முதுகத் தடவுனா நீரு மாப்பிள. மைனி சக்களத்தி. காதக் கடிக்காம என்ன செய்யும்?"

மூலையில பண்டல் கட்டிக்கிட்டு இருந்தாவ கோமதி மைனி, அண்ணாச்சி வீட்டுக்காரி. காதுல பிளாஸ்திரி. தல நிமிரல. "கல்யாணமாயி இத்தன வருசத்துல எனக்கு ஒரு நா இப்படித் தடவுனதுண்டா? நான் கடிக்காம இருந்தது தப்பாப் போச்சு."

சிரிச்சேன். அதோட சரி. பொறவு பாக்கேன், சாமி படத்துக்கு முன்னால பித்தளைத் தட்டுல அரிசி பரப்பி, அதுமேல வெள்ளை வெள்ளையாச் சின்ன முட்டை. ஒவ்வொண்ணுலயும் மஞ்சப்பொட்டு.

"லச்சுமி முட்டை போட ஆரம்பிச்ச பொறவுதாம்லே ஆர்டர் கூடுது"ங்காரு. "போடப் போட எடுத்துச் சாமிகிட்ட வச்சிருதேன்."

எனக்கு மண்டையில தீப்பெட்டி உரசுன மாதிரி ஆயிட்டு.

"சோடி இல்லாத முட்டையில குஞ்சு வராது. அது லச்சுமிக்குத் தெரியாதுல்லா? கூட்டுல விட்டிருந்தா அஞ்சாறோட நிறுத்தி, உக்காந்து பாத்துட்டு, சலிச்சுப்போயி எந்திரிச்சிருக்கும். நீரு எடுக்க எடுக்க, காணலியேன்னு மறுபடியும் போடுது. ஓட்டுக்குச் சுண்ணாம்பு எங்கேருந்து வருதுங்கீரு? அது எலும்பக் கரைச்சுல்லா வருது. கொல்லுதீரு வே."

"எங்க வீட்டுச் சாமி காரியத்துல நீ தலையிடாத. மூக்க வெட்ட முடியுமா, முடியாதா?"

"வெட்டுததுன்னா முதல்ல உம்ம கையத்தான் வெட்டணும்"னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். மகா வீரம். பாதி வழியிலதான் குனிஞ்சு பாக்கேன், காலுல மைனி செருப்பு.

மறுநா அதக் குடுக்கப் போனேன். கூண்டுத் தரையில லச்சுமி பந்து மாதிரி உப்பி உக்காந்திருக்கு. கண்ணு சொருகுது, வாலு மேலயும் கீழயும் ஆடுது. முட்டை உள்ள அடைச்சிக்கிட்டு. அண்ணாச்சி சாமி படத்துக்கு முன்னால கண்ண மூடிக் கையக் கூப்பிக்கிட்டு நிக்காரு.

"மைனி, சூடு குடுக்கணும். உடனே மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும்"னேன்.

தொறந்து விடுவேன்னு நின்ன மனுசிதான் எந்திரிச்சு வந்தாவ. லச்சுமியத் துணியில சுத்தி, முந்தானைக்குள்ள வயித்தோட அணைச்சிக்கிட்டாவ. மறுகையால அந்த அட்டைப்பெட்டியப் பிச்சு வாசல்ல எறிஞ்சாவ. அண்ணாச்சி கண்ணத் தொறந்தாரு.

"ஏட்டி, லச்சுமி வீட்ட எதுக்குப் பிய்க்க?"

"ஆர்டர் கூடுனது இவ முட்டையாலயா? ராவும் பகலும் பண்டல் கட்டுதது யாரு கை? என் கைக்கு என்னைக்காவது மஞ்ச வச்சீரா? இவ எலும்பு அந்தத் தட்டுல இருக்கு. என் எலும்பு இந்த பண்டல்ல இருக்கு."

பயலுவளா, இதுதான் பாடம். கடிக்குதுன்னு எவனாவது வந்தா மூக்கப் பாக்காதிய. வீட்டப் பாருங்க. இருட்டுப் பெட்டி இருக்கா, வெளிச்சம் எப்ப அணையுது, எவன் முதுகத் தடவுதான், முட்டைய எவன் எடுக்கான்.

மைனி வண்டியில பின்னால ஏறிக்கிட்டாவ. ஆஸ்பத்திரியில டாக்டர் ஒரு கால்சியம் ஊசி போட்டு, வெந்நி ஆவியில வைக்கச் சொன்னாரு. "பொழைக்கும்னு சொல்ல முடியாது"ன்னாரு. மைனி பெஞ்சியில உக்காந்து, முந்தானைய லேசா விலக்கி, "ஏட்டி, முக்கு, முக்கு"ன்னு அதுகிட்ட மெதுவாப் பேசுதாவ. நான் வராண்டாவுல நடந்துக்கிட்டு இருக்கேன். அப்ப உள்ளேருந்து… இருங்க, கடையிலேருந்து எங்க வீட்டுக்காரி கூப்பிடுதா.

"ஏங்க, எழுதுனது போதும், கடைக்கு வாங்க. கோமதி மைனி தீனி வாங்க வந்திருக்காவ. லச்சுமி அவிய தோள்ல உக்காந்திருக்கு. கூட வந்த அண்ணாச்சி கைய நீட்டுனாரு, விரலக் கடிச்சுப் பிடிச்சிக்கிட்டு விடமாட்டேங்குது. பிளாஸ்திரி எங்க வச்சிருக்கீய?"